பீரோஸ் சொல்லிக்கொடுத்த பேச்சு

"பசிக்குதுன்னு சொல்லு."

"பசிக்குது."

"அப்படி இல்லப்பா. அம்மா, பசிக்குது. அம்மாவை முன்னாடி போடணும்."

அரிசி பொதிந்து யாப்ராக் செய்யத் திராட்சை இலை கழுவிக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏன்டி பீரோஸ், தாடி வச்ச ஆம்பளைக்குப் பால்குடிப் பேச்சா சொல்லிக்கொடுக்கறே? ரொட்டி என்ன விலை, பஸ் எங்க நிக்கும், அதைச் சொல்லிக்கொடு."

"அதெல்லாம் தெருவுல தானா வந்துடும் அண்ணி. இது வீட்டுலதான் கிடைக்கும்."

பீரோஸ் என் தம்பி மனைவி. எண்பத்தெட்டு மார்ச்சில் ஈராக்கில் எங்கள் குர்து ஊரான ஹலப்ஜா மேல் விமானங்கள் விஷத்தைக் கொட்டிய அன்று, தம்பியும் இரண்டு பெண்பிள்ளைகளும் நிலவறையிலேயே போய்விட்டார்கள். மூன்று மாதக் குழந்தை ரெபீன் மட்டும் பீரோஸ் மடியில் இருந்தான். அவள் மயங்கி விழுந்து கண் விழித்தபோது எல்லைக்கு அந்தப் பக்கம், ஈரானில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மடி காலி. குழந்தையை உயிரோடு யாரோ தூக்கிப் போனதைப் பார்த்ததாக ஒருத்தி சொன்னாள். அகதி முகாமில் இருந்த மூன்று வருஷமும் வார்டு வார்டாக விசாரித்தே பீரோஸ் அந்த நாட்டு மொழியான பார்சி பேசக் கற்றாள். கூடவே அலைந்ததில் எனக்கும் கேட்டால் புரியும்.

அந்த மார்ச்சுக்கு இருபத்தொரு வருஷம் கழித்து, நாங்கள் திரும்பியிருந்த ஊரைத் தேடி இந்தத் தாடிக்காரன் பெஹ்ரூஸ் வந்தான். மஷ்ஹத் நகரத்தில் ஒரு விதவை வளர்த்த பிள்ளை. சாகும்போது அவள், "நீ ஹலப்ஜாவிலிருந்து வந்த குழந்தை" என்று சொல்லிவிட்டுப் போனாளாம். வயதும் நாளும் குழந்தையைத் தொலைத்த இரண்டு வீடுகளுக்குப் பொருந்தின. ஒன்று எங்கள் வீடு. இன்னொன்று மேலத்தெரு ஃபஹீமா வீடு. எல்லோரிடமும் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வர ஒரு மாதம் என்றார்கள். அதுவரை அவனுக்கு நகராட்சி விடுதியில் படுக்கை. ஒருநாள் எங்கள் வீட்டில் சாப்பாடு, மறுநாள் அவள் வீட்டில்.

ஃபஹீமாவுக்குப் பார்சி ஒரு சொல் தெரியாது. அங்கே அவன் சாப்பிட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பான். எங்கள் மொழி குர்தியை அவன் கற்றதெல்லாம் எங்கள் அடுப்படியில்தான்.

வேலை செய்கிறவர்களைக் கடந்து போகும்போது "மாந்து நபீ", களைக்காமல் இரு, என்று சொல்வது எங்கள் வழக்கம். அதைக் கற்றுக்கொண்ட அன்றே தெருவில் இறங்கினான். திரும்பி வரும்போது முகம் தொங்கிக் கிடந்தது.

"டீக்கடையில எல்லாரும் சிரிக்கறாங்க."

"யாருகிட்ட சொன்னே?"

"டோமினோ ஆடிட்டிருந்தவங்ககிட்ட."

"நல்லா சொன்னே போ," என்றேன் நான். "முப்பது வருஷமா அவனுங்க எழுந்து ஒரு வேலை செஞ்சதில்ல. ஊர்ல யாரும் சொல்லத் துணியாததை நீ சொல்லிட்டே."

பீரோஸ் அதைப் பார்சியில் அவனுக்குச் சொன்னாள். அவன் சிரித்த சிரிப்பில் தொட்டியிலிருந்த தண்ணீரைத் தட்டிவிட்டான். பீரோஸ் துடைக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் போன பிறகு மெதுவாகக் கேட்டாள். "காது மடல் உங்க தம்பி மாதிரியே இல்லையா அண்ணி?"

"காதுன்னா எல்லாம் காதுதான்."

"சரியாப் பாத்துச் சொல்லுங்க."

"இருக்குடி," என்றேன். இல்லை. ஏன் சொன்னேன் என்று இன்றுவரை என்னையே வைதுகொள்கிறேன்.

ரொட்டிச் சூளை வரிசையில் ஒருநாள் ஃபஹீமா எங்களுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"என்ன பீரோஸ், என் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் நல்லா நடக்குதா?"

"உன் பிள்ளையா என் பிள்ளையான்னு ஊசி சொல்லட்டும்."

"சொல்லட்டும். ஆனா நினைச்சுப் பாத்தியா? நம்மள்ல ஒருத்தி ரெண்டாந்தடவை பறிகொடுக்கப் போறோம்."

பீரோஸ் தன் முறை வந்ததும் ரொட்டியை வாங்கி, மேலே இருந்த சூடான இரண்டை எடுத்து ஃபஹீமா துணியில் வைத்தாள்.

முடிவு வந்த அன்று ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறை. அதிகாரி காகிதத்தைப் பிரித்து எங்கள் மொழியில் படித்தார். எண், தேதி, மருத்துவச் சொற்கள். கடைசியில் "ஃபஹீமா" என்றார்.

பெஹ்ரூஸுக்கு எதுவும் புரியவில்லை. "என்ன சொல்றாங்க?" என்று பார்சியில் பீரோஸைக் கேட்டான். அந்த அறையில் வேறு யாரை அவன் கேட்பான்?

"சொல்லு பீரோஸ்," என்றாள் ஃபஹீமா அழுதுகொண்டே. "நான்தான் உன் அம்மான்னு அவன்கிட்ட சொல்லு."

பீரோஸ் அவனைப் பார்த்து, பார்சியில் சொன்னாள். "நான்தான் உன் அம்மா."

அவன் பீரோஸைக் கட்டிக்கொண்டான். அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, கற்ற குர்தியையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னான். அம்மா, பசிக்குது. அம்மா, குளிருது. அம்மா, வந்துட்டேன்.

பீரோஸ் அசையவில்லை. பிறகு அவன் விரல்களை ஒவ்வொன்றாகத் தன் முதுகிலிருந்து பிரித்தாள். "நான் இல்லப்பா. அவங்க சொன்னதை நான் சொன்னேன். அவங்கதான்." அவனைத் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டாள்.

அவங்கதான் உன் அம்மா என்று முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஏன் அப்படிச் சொன்னாள் என்று நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

கிளம்பும்போது ஃபஹீமா அவள் கையைப் பிடித்தாள். "நாளைக்கு வீட்டுக்கு வா பீரோஸ். நீ இல்லாம நான் இவன்கிட்ட எப்படிப் பேசுவேன்?"

"வரேன்."

பஸ்ஸில் நான் பொறுக்க முடியாமல் கேட்டேன். "உனக்கென்ன தலையெழுத்தாடி? போகாதே."

"தாயும் பிள்ளையும் ஊமையா உட்கார்ந்திருப்பாங்களே அண்ணி."

தினமும் போனாள். நடுவில் உட்கார்ந்து அந்தப் பேச்சை இங்கேயும் இந்தப் பேச்சை அங்கேயும் கொண்டு கொடுத்தாள். அவனுக்குச் சொற்களும் சொல்லிக்கொடுத்தாள். இம்முறை ரொட்டி விலை, பஸ், சம்பளம், கல்யாணம் எல்லாம். நான்கு மாதத்தில் அவன் எங்களைப் போலவே பேச ஆரம்பித்தான். அதன்பிறகு அந்த வீட்டிலிருந்து யாரும் பீரோஸைக் கூப்பிடவில்லை.