மேலாளருக்கு வந்த அட்டை

முன்பின் தெரியாத மனிதர்கள் ஒருவருக்கொருவர் அஞ்சலட்டை எழுதிக்கொண்டால் உலகத்தில் போர் என்பதே இருக்காது. இது குடிநீர் வாரியத் தலைமை எழுத்தரின் அசைக்க முடியாத கொள்கை. பக்கத்து மேசைக்காரரோடு அவர் பேசி ஐந்து வருஷமாகிறது. மின்விசிறி யார் பக்கம் திரும்ப வேண்டும் என்பதில் தகராறு.

அஞ்சலட்டைச் சங்கம் ஒன்றில் சேர்ந்திருந்தார். சங்கம் யாரோ ஓர் அந்நியரின் முகவரியை அனுப்பும். அவருக்கு இவர் படம் போட்ட அட்டை எழுத வேண்டும். இன்னொரு அந்நியர் எங்கிருந்தோ இவருக்கு எழுதுவார். இப்படி அறுபது நாடுகளில் இவரைத் தெரியும். அறுபதிலும் இவர் தலைமை எழுத்தர் இல்லை, மேலாளர். கடல் தாண்டி வந்து யார் கேட்கப் போகிறார்கள்?

செவ்வாய்க்கிழமை காலை, தபால் பிரிவு அக்கா பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: “அண்ணே, அருவிப் படம் போட்டு ஒரு கார்டு வந்துச்சு. கண்ணுக்குக் குளிர்ச்சியா இருந்துச்சு.”

“குடும்மா, எனக்குத்தான்.”

“மேலாளர்னு இல்ல போட்டிருக்கு? நம்பர் போட்டு உள்ள அனுப்பிட்டேன்.”

தலைமை எழுத்தருக்கு அப்போதுதான் உறைத்தது. அருவிப் படம், போன மாதம் இவர் அனுப்பியது. அனுப்புநர் என்று அலுவலக முகவரியைப் பதவியோடு கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார். பெறுநருக்கு மிஞ்சியது ஒரு மூலை. பெரிதாக இருந்த முகவரிக்கே அஞ்சல்காரர் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்.

அட்டைக்கு உறை கிடையாது. எழுதியது எழுத்துக்கு எழுத்து நினைவிருந்தது: ‘என் கீழ் ஒரு கிழம் இருக்கிறது. சாப்பிட்டதும் தூங்கும். மீசைக்கு மை பூசும். எங்கே போகும், பாவம் என்று வைத்திருக்கிறேன்.’

அந்தக் கிழம், மேலாளர்.

ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம். சீட்டுக் கிழிந்தால் வீட்டில் எந்த முகத்தோடு போய் நிற்பது? டீயைக் குடிக்காமலே அக்காவின் மேசையில் வைத்தார்.

“என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?”

“உள்ள போன தபாலைத் திருப்பி எடுக்க ஏதாவது வழி இருக்கா?”

“முழுங்கினதைக்கூட எடுத்துடலாம். நம்பர் விழுந்ததை எடுக்க முடியாது.”

உள்ளே மணி அடித்தது. “போங்க, உங்களைத்தான்.”

பத்தடி தூரம். நடந்து உள்ளே போனார். மேலாளர் கையில் அருவி இருந்தது. அதற்கு மேலே மீசை பளபளத்தது.

“கதவைச் சாத்துய்யா. இதைப் பாத்தியா?”

“சார்... என்னை மன்னிச்சு...”

“நீ எதுக்கு மன்னிப்புக் கேக்கற? வெளிநாட்டுல ஒரு மேலாளர் மனசு விட்டு எனக்கு எழுதியிருக்கார்யா! தன் விலாசத்தை மூலையில பொடியாப் போட்டிருக்கார் பாரு. அடக்கமான மனுஷன்.”

பதினாறு வருஷமாகத் தலைமை எழுத்தர் எழுதியதன் கீழெல்லாம் கையெழுத்துப் போட்டவர் மேலாளர். மேலே இருந்த எழுத்தைப் பார்த்ததில்லை.

போன உயிர் பாதி திரும்பியது.

“பதில் போடணும். எழுதிக்கோ. ‘ஐயா, தங்கள் வேதனை எனக்குப் புரிகிறது. என் கீழும் அப்படி ஒருவன் இருக்கிறான். வேலை செய்வது போலவே இருப்பான், செய்ய மாட்டான். மணி அடித்தால் நடுங்குவான். பாவம் என்றுதான் நானும் வைத்திருக்கிறேன்.’”

பேனா நின்றது. “யாரு சார் அது?”

“உன்னைத்தான்யா. எழுது.”

எழுதினார். கோப்புக்கு ஒரு நகலும் எடுத்தார். அலுவலக வழக்கப்படி அதன் அடியில் ‘சரிபார்த்தேன், உண்மை’ என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார்.