இருபது மணித்தியாலத்துக்கு மேலே

என் தம்பி சிறிலைக் கொன்றது நான்தான். அப்படிச் சொல்லாதே தெரேசம்மா என்கிறார் ஃபாதர். அவருக்கு என்ன தெரியும்? யோசனை சொன்னது அவரா, நானா?

2008 சித்திரை. ருவான்வெல்லைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால்வெட்டு முடித்து, கைகூடக் கழுவாமல் நின்றிருந்தேன். லண்டனுக்குக் கம்ப்யூட்டர் படிக்கப் போன தம்பியிடமிருந்து போன்.

"அக்கா, படிக்கிற விசாவுல வாரத்துக்கு இருபது மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். மிஞ்சினா புடிச்சுத் திருப்பி அனுப்பிருவாங்க. இப்பிடியே போனா அடுத்த தவணைக்குக் காலேஜ்ல காசு கட்ட ஏலாது."

"நாசமாப் போன சட்டம்! அரைவயிறுதான் சாப்பிடணும்னும் சட்டம் போட்டிருக்கானா?" என்று கத்தினேன்.

அவனோடு ஒரே வீட்டில் நிவித்திகலை ஊர்க்காரன் ராமச்சந்திரனும் அவன் மனைவியும் இருந்தார்கள். படிப்பவள் மனைவி, கூடப் போன கணவன் எவ்வளவு நேரமும் வேலை செய்யலாம். ஆனால் கிடங்கில் சாமான் தூக்கி முதுகு பிடித்துப் படுத்துவிட்டானாம்.

"அட மடையா, அவன் பேர்ல நீ போயேன்டா! இருளாயி கால் முறிஞ்சு கெடந்தப்ப நான் செய்யலையா?"

தோட்டத்தில் இது புதிதில்லை. ஆள் வராவிட்டால் பேரை வெட்டிவிடுவார்கள் என்று, இருளாயியின் மரங்களை மூன்று மாதம் அவள் பேரில் நான்தான் வெட்டினேன். காலையில் கணக்கப்பிள்ளை "இருளாயி" என்பார், "வந்தேங்கய்யா" என்பேன். அவருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். யார் கெட்டுப்போனார்கள்? லண்டனையும் எங்கள் தோட்டம் மாதிரி நினைத்துவிட்டேன், முண்டம்.

ராமச்சந்திரன் பேரில் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு தம்பியின் குரல் ஒரு மாதிரியாகிக்கொண்டே போனது. ஒருநாள் போனை எடுத்தவன் "ராமச்சந்திரன்" என்றான்.

"டேய், அக்காடா!"

"பழகிப்போச்சுக்கா. இப்ப யாராச்சும் சிறில்னு கூப்பிட்டா பயமா இருக்கு. செத்தவனைக் கூப்பிடுற மாதிரி இருக்கு."

விட்டுவிடு என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். "மாதா காப்பாத்துவா, இன்னும் ஒரு தவணை தள்ளு" என்றேன்.

தை மாதம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"அக்கா, நான் ராமச்சந்திரன். நான் செத்துட்டேன்னு எழுதிட்டாங்கக்கா."

அழுதழுது விளங்கப்படுத்தினான். கிடங்கில் அடுக்கு சரிந்து சிறில்மேல் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்து செத்திருக்கிறான். அங்கே பதிந்திருப்பது இவன் பேர். உண்மையைச் சொன்னால் இவனையும் மனைவியையும் திருப்பி அனுப்பிவிடுவார்களாம்.

"கொஞ்ச நாள் பொறுங்கக்கா. அவ பரீட்சை முடியட்டும்."

"அதுவரைக்கும் என் தம்பி உன் பேரை மாட்டிக்கிட்டு ஐஸ் பெட்டியில கெடக்கணுமாடா? போ! உசிரோட இருக்கேன்னு போய்ச் சொல்லு. இல்லாட்டி நான் சொல்லுவேன். அவன் அவன் பேர்லதான் வீட்டுக்கு வரணும்!"

போய்ச் சொன்னான். அதை மறுக்கமாட்டேன். மாசியில் பெட்டி வந்தது. சிறிலின் பேர் ஒட்டியிருந்தது. அடக்கம் பண்ணினோம். அடுத்த கிழமையே அவர்களையும் அனுப்பிவிட்டார்கள்.

முப்பதாம் நாள் பூசைக்கு இருவரும் வந்தார்கள். அவன் மனைவி என் முகத்தைப் பார்க்கவேயில்லை. கல்லறையில் வைத்து அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"ரெண்டு நாள் உசிரு இருந்துச்சே, எனக்கு ஏன் ஒரு போன் போடல? நீ பக்கத்துல இருந்தியா?"

"இருந்தேன்க்கா. வாசல்ல பேர் கேட்டாங்க. ராமச்சந்திரன்னு எப்பிடிச் சொல்றது? சிறில்னு சொல்லித்தான் உள்ள போனேன்."

"அவனுக்குப் பேச்சு இருந்துச்சா?"

"இருந்துச்சு. உங்களுக்கு போன் போடவான்னு கேட்டேன். நர்ஸைக் கண்ணால காட்டினான். அவங்களுக்குத் தமிழ் விளங்காதுடான்னேன். பேர் விளங்கும்னான். அப்பறம் என் கையைப் புடிச்சு..."

சட்டையைப் பிடித்து உலுக்கினேன்.

"'சிறில், உன் அக்காகிட்ட சொல்லிடாத, அவ பயந்துருவா'ன்னான்."

என்னைத் தன் அக்கா என்று சொல்லக்கூட என் பிள்ளை பயந்துகொண்டே செத்திருக்கிறான்.