சாப்பிடாத மணித்தியாலம்

சட்டம் எழுதுகிறவர்களுக்கு மதியத்தில் பசிப்பதே இல்லைப்போல என்று சிவகௌரி நினைத்தாள். ஜேர்மனியின் எசன் நகரத்துச் சட்டத்தரணி வீக்மான் அதே கேள்வியை மூன்றாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உங்கள் கணவர் எந்தெந்த நாளில் இடைவேளை எடுக்கவில்லை?"

"ஒரு நாளும் எடுக்கவில்லை."

"அப்படிச் சொன்னால் நீதிமன்றம் ஏற்காது. ஒவ்வொரு நாளையும் தனித்தனியாகச் சொல்லவேண்டும். அவர் வேலை செய்தது நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தது என்றும் காட்டவேண்டும்."

கணவர் தபோதரன் பக்கத்துக் கதிரையில், யாருக்கோ நடக்கிற விசாரணையைப் பார்க்க வந்தவர் மாதிரி இருந்தார். ஆள் நல்ல மனுசன்தான். அந்த நல்லதனத்தைத்தான் அவளால் சில நேரம் தாங்க முடிவதில்லை.

விஷயம் இதுதான், அதுவும் அவளுக்குப் போன கிழமைதான் தெரியவந்தது. லிங்கன் பக்கம் எண்ணெய்க் கிணறு தோண்டுகிற ஒரு கொம்பனியில் அவருக்கு வேலை. பதினான்கு நாள் அங்கே கொண்டெய்னரில் தங்கி வேலை, பதினான்கு நாள் எசனில் வீடு. சம்பளம் நாட்கணக்கு. ஒரு நாளுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை, அதற்குப் பதினொரு மணித்தியால வேலை, ஒரு மணித்தியாலம் இடைவேளை. முன்பு மதியத்தில் அவரை மாற்றிவிட ஓர் ஆள் இருந்தான். செலவைக் குறைக்கிறோம் என்று அந்த ஆளை எடுத்துவிட்டார்கள். கிணற்றுக்குள் சேற்றுக் குழம்பை இறக்குகிற பம்பை விட்டுவிட்டு யாரும் அசைய முடியாது. ஆகவே தபோதரன் பன்னிரண்டு மணித்தியாலமும் பம்படியில் நின்றார். கொம்பனியோ ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலத்தை 'இடைவேளை' என்று கழித்துக்கொண்டது. நேரத்தாளில் அந்த ஒரு மணித்தியாலம் முன்கூட்டியே அச்சடிக்கப்பட்டிருந்தது. இந்த மனுசன் அதன் கீழே வடிவாகக் கையெழுத்து வைத்திருந்தார்.

"கையெழுத்து வைக்கேக்கை வாசிக்கிறேல்லையோ?" என்று அவள் கேட்டபோது, "எல்லாரும் வைச்சவை" என்றார்.

மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கேட்காவிட்டால் அந்தக் காசு போய்விடும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. கடைசி மூன்று தடவை போனதில் நாற்பத்திரண்டு நாள். அடுத்த வெள்ளியோடு முதல் நாட்கள் கழன்று விழத் தொடங்கும். காசுக்காக மட்டும் சிவகௌரி இதில் இறங்கவில்லை. அவருக்குச் சீனி வருத்தம், இன்சுலின் ஊசி போடுகிறவர், நேரத்துக்குச் சாப்பிடவேண்டும். அந்த ஒரு மணித்தியாலத்துக்குக் காசு கட்டவேண்டி வந்தால்தான் கொம்பனி மாற்றாளைத் திரும்பப் போடும் என்று அவளுக்குத் தெரியும்.

அதே இடத்தில் வேலை செய்கிற எஞ்சினியர் பிரவீணனுக்கு முந்தின நாள் போன் எடுத்திருந்தாள். இங்கே படித்து வளர்ந்த பெடியன், மேற்பார்வை அவனுடையது.

"அக்கா, எனக்கு மாதச் சம்பளம். மிச்சமா நிக்கிற நேரமெல்லாம் சம்பளத்துக்குள்ள அடக்கமெண்டு கொன்ராக்ட்டில கிடக்கு. நான் பதினாலு மணித்தியாலம் நிண்டாலும் வாய் திறக்க ஏலாது. அண்ணைக்காவது கேக்க ஒரு வழி இருக்கு."

"அப்ப அவர் சாப்பிடாமல் நிண்டதை நீர் கண்டதெண்டு சொல்லுவீரோ?"

"ஆரும் கூப்பிட்டுக் கேட்டால் பொய் சொல்லமாட்டன் அக்கா. நானாப் போய்ச் சொல்ல ஏலாது."

மாதச் சம்பளக்காரன் கேட்க முடியாது, நாட்சம்பளக்காரன் நிரூபிக்க முடியாது. அப்படியென்றால் இந்த நாட்டில் மேலதிக நேரத்துக்குச் சம்பளம் வாங்குகிற அந்தப் பாக்கியவான் யார்? அவனை ஒரு தடவை நேரில் பார்க்கவேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது.

பிரவீணன் சொன்னதைக் கேட்டதும் வீக்மான் சிரித்தார். "சம்பளத்துக்குள் அடக்கம் என்கிற அந்த வரி நீதிமன்றத்தில் நிற்குமா என்பதே சந்தேகம். அவரையும் வரச்சொல்லுங்கள்." பிறகு பேனையைத் தட்டினார். "உங்கள் கணவர் அந்த நேரத்தில் யாருக்காவது ஏதாவது எழுதினாரா? செய்தி, மின்னஞ்சல்?"

சிவகௌரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எழுதினாரே! ஒவ்வொரு நாளும் எனக்கு எழுதுவார். மதியம் ஒரு மணிக்கு நான் கேட்பேன், உடனே பதில் வரும்."

தபோதரனின் முகம் மாறியதை அவள் கவனிக்கவில்லை. கைப்பையிலிருந்து போனை எடுத்து, செப்டெம்பருக்குப் போய், ஒரு ஆசிரியையின் குரலில் ஜேர்மனில் சொல்லத் தொடங்கினாள்.

"இரண்டாம் தேதி. நான்: சாப்பிட்டீர்களா? அவர்: ஓம், சாப்பிட்டேன். மூன்றாம் தேதி. நான்: சாப்பிட்டீர்களா? அவர்: சாப்பிட்டேன், கத்தரிக்காய்க் கறி நல்ல ருசி. நாலாம் தேதி..."

நாலாம் தேதியில் அவளுடைய குரல் இறங்கியது. ஐந்தாம் தேதியில் நின்றுவிட்டது. வீக்மான் பேனையை மேசையில் வைத்தார்.

"இதை நாங்கள் யாருக்கும் காட்டாமல் இருப்பது நல்லது" என்றார் மெதுவாக.

வெளியே வந்து டிராமில் ஏறினார்கள். இருந்ததும் சிவகௌரி தொடங்கினாள்.

"ஏன் பொய் சொன்னியள்?"

"நீர் கவலைப்படுவீர் எண்டுதான்."

"இப்ப நான் சந்தோசமா இருக்கிறனோ? நாப்பத்திரண்டு நாளும் நாப்பத்திரண்டு பொய்! அதுவும் கத்தரிக்காய்க் கறி ருசியாம்! கொம்பனிக்காரன்கூட உங்களுக்கெதிரா இவ்வளவு வடிவாச் சாட்சி தேடியிருக்க மாட்டான்."

முன்னால் இருந்த ஜேர்மன் கிழவர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும். தபோதரன் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதைச் சொன்னாலும் சப்பாத்தைப் பார்க்கிற மனுசனோடு எப்படிச் சண்டை பிடிப்பது? அவளுக்கு அழுகையும் எரிச்சலும் ஒன்றாக வந்தன.

அப்போது அவளுடைய போன் கீச்சிட்டது. தபோதரனின் மேற்கையில் ஒட்டியிருக்கிற சென்சர், சீனி இறங்குகிறது என்று அறிவித்தது. அவருடைய போனுக்குப் போகிற கணக்கெல்லாம் அவளுடைய போனுக்கும் வரும். கோபத்தோடேயே பையைத் துழாவி ஒரு பழச்சாறுப் பெட்டியை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

"குடியுங்கோ. மதியம் சாப்பிடாமல் வந்ததுதான்."

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே உறைத்தது. திரையில் அன்றைய கோடு மதியத்திலிருந்து சறுக்கிக்கொண்டு வந்திருந்தது. அவள் விரலால் பின்னோக்கித் தள்ளினாள். போன கிழமை, அதற்கு முந்தைய கிழமை, அதற்கும் முன்னால் அவர் லிங்கனில் நின்ற நாட்கள். ஒவ்வொரு நாளும் காலைச் சாப்பாட்டுக்கு ஒரு ஏற்றம். பிறகு பன்னிரண்டு, ஒன்று, இரண்டு என்று ஒன்றுமே இல்லை, கோடு கீழே கீழே. இரவு எட்டு மணிக்கு மட்டும் மலையேறியது போல ஒரு ஏற்றம். 'சாப்பிட்டன்' என்று அவர் எழுதிய அதே ஒரு மணிக்கு, அவருடைய கை 'சாப்பிடவில்லை' என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. தொண்ணூறு நாள் கணக்கு, தேதியோடு, நிமிடத்தோடு.

"இறங்குங்கோ" என்றாள்.

"இன்னும் நாலு ஸ்டேசன் கிடக்கு."

"இறங்குங்கோ எண்டன்!"

திரும்பிப் போகிற டிராமுக்குக் காத்து நின்றபோதுதான் மற்றது நினைவுக்கு வந்தது. ஒக்டோபரில் டொக்டர் இந்தக் கோட்டைக் காட்டி, இரவு எட்டு மணிக்கு ஏன் இப்படி ஏறுகிறது என்று கேட்டார். களவாக இனிப்புத் தின்கிறார் என்று சிவகௌரி அங்கேயே முடிவுகட்டினாள். வீட்டுக்கு வந்து பெரிய சண்டை. கொண்டெய்னரில் ஒளித்து வைத்துக் கேக் தின்கிறீர்களோ என்று கத்தினாள். அவர் அப்போதும் சப்பாத்தைத்தான் பார்த்தார். அடுத்த தடவை அவருக்கு மதியத்துக்கென்று கட்டிக் கொடுத்த பதினான்கு பெட்டிகளிலும் சோற்றைப் பாதியாகக் குறைத்திருந்தாள்.

நாள் முழுக்க அவர் சாப்பிட்ட ஒரே சோறு அதுதான், அதுவும் இரவு எட்டு மணிக்கு.

"நான் சோத்தைக் குறைக்கேக்கையாவது சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"சொன்னால் நீர் வேலையை விடச் சொல்லுவீர். ஐம்பது வயசில எனக்கு வேற ஆர் வேலை தரப்போறான்?"

பழச்சாற்றை முழுக்கக் குடித்துமுடிக்கச் சொன்னாள்.

வீக்மான் அந்தக் கோடுகளை நீண்ட நேரம் பார்த்தார். "இதை மட்டும் வைத்து வெல்ல முடியாது. சாப்பிடாமலே ஒருவர் ஓய்வெடுக்கலாம் என்பார்கள். ஆனால் நாற்பத்திரண்டு நாளுக்கும் எங்களிடம் இப்போது ஏதோ இருக்கிறது. மிச்சத்துக்கு அந்த எஞ்சினியரைச் சாட்சியாகக் கூப்பிடலாம். கூப்பிட்டால் பொய் சொல்லமாட்டார், இல்லையா?" அன்று மாலையே மூன்று பேருமாக இருந்து நாளொன்றுக்கு ஒரு வரி என நாற்பத்திரண்டு வரி எழுதினார்கள். வியாழன் காலை கடிதம் கொம்பனியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

கொம்பனி மறுத்தது. பெப்ரவரியில் தொழில் நீதிமன்றத்தில் முதல் தவணை, தெர்மின் என்பார்கள். நீதிபதி அம்மா வரிகளைப் பார்த்தார், சாட்சிப் பட்டியலில் பிரவீணனின் பெயரைப் பார்த்தார், கொம்பனிக்காரரைப் பார்த்தார். "இவர் இடைவேளையில் இருந்தபோது பம்படியில் நின்றது யார்? ஒரு பெயர் சொல்லுங்கள்" என்றார். கொம்பனிக்காரர் தாள்களைப் புரட்டினார். முன்னுக்குப் புரட்டினார், பின்னுக்குப் புரட்டினார். இல்லாத ஆளின் பெயர் எந்தத் தாளில் இருக்கும்? கால் மணித்தியாலத்தில் சமரசத்துக்கு வந்தார்கள். நாற்பத்திரண்டு மணித்தியாலத்துக்கும் காசு. கூடவே ஒரு நிபந்தனை: இனிமேல் இடைவேளை கிடைக்காவிட்டால் அன்றன்றே எழுத்தில் அறிவிக்கவேண்டும்.

மாற்றாளைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. சிவகௌரிக்கு அந்த நிபந்தனையைக் கிழித்துப்போடலாம் போலிருந்தது.

குளிர்காலத்தில் நின்றிருந்த கிணற்று வேலை தொடங்க, மார்ச்சில் அவர் திரும்ப லிங்கனுக்குப் போனார். முதல் நாள் ஒரு மணிக்கு அவள் வழக்கம்போல எழுதினாள்: 'சாப்பிட்டியளோ?'

வழக்கமாக உடனே வருகிற பதில் வரவில்லை. ஐந்து நிமிடம் போனது. எழுதுகிறார் என்று காட்டியது, நின்றது, திரும்பவும் காட்டியது.

'இல்லை' என்று வந்தது. பிறகு இன்னொன்று: 'மாத்தாள் வரேல்லை. கொம்பனிக்கும் எழுதிப்போட்டன்.'

அவளுக்குத் தலையிலிருந்து கால்வரை எரிச்சல் பற்றியது. பாவிகள், திரும்பவும் முதலில் இருந்தா? ஆனால் அந்த முதல் சொல்லை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தாள். இருபத்தொரு வருடக் கலியாணத்தில் அவர் அவளுக்குச் சொன்ன முதல் 'இல்லை' அது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு புதுத் தாளை எடுத்துத் தேதியை எழுதினாள். அதற்கு நேரே, ஒரு மணித்தியாலம் என்று எழுதினாள்.