இமயமலை அண்ணை

ஒளிவீழ்த்தியிலிருந்து சுவரில் முதல் படம் விழுந்தபோதே தியாகராசாவுக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது. ஒரு பள்ளத்தாக்கு. படிப்படியாக இறங்கும் பச்சை வயல்கள், கற்பலகைக் கூரை வீடுகள், கூரைகளில் காயப்போட்ட சிவப்பு மிளகாய். நடுவே தேவதாரு மரங்களுக்குள் கறுத்துப்போன கற்கோயில்கள், ஒன்றல்ல, ஒரு கூட்டம். இவ்வளவையும் ஒரு கைத்தொலைபேசியில் எடுத்து வந்திருந்தான் கணேசலிங்கம், பேர்லினில் பஸ் ஓட்டுகிறவன். படங்கள் கலங்கலாக இருக்கவேண்டும் என்று அவர் காலையிலிருந்து வேண்டியதை, மண்டபத்துக்கு அடுத்த கோயிலில் இருந்த முருகன் காதில் போட்டுக்கொள்ளவேயில்லை.

பேர்லினின் நொய்கெல்ன் பகுதித் தமிழருக்குள் இமயமலை என்றால் அது தியாகராசாதான். பதின்மூன்று வருடங்களுக்கு முன் படத்தில் தெரிந்த அந்த இமயமலைக் குமாவுன் பக்கம் தனியாக யாத்திரை போய்வந்தவர். அதன்பிறகு ஒவ்வொரு சிவராத்திரிக்கும் இதே மண்டபத்தில் அவர்தான் பேச்சாளர். பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் அவர் 'இமயமலை அண்ணை'. முப்பது வருடம் உணவகத்தில் சட்டி கழுவிய மனிதருக்கு வேறு யார் வந்து பட்டம் தரப்போகிறார்கள்?

சங்கதி என்னவென்றால், அவர் அங்கே போகவேயில்லை. மலையடிவாரத்து ரயில் நிலையத்தில் இறங்கிய அன்றே வயிற்றோட்டம் பிடித்துக்கொண்டது. ஏழு நாள் விடுதிக் கட்டிலுக்கும் கழிவறைக்கும் இடையே யாத்திரை செய்துவிட்டு, கோயில் படங்கள் போட்ட புத்தகம் ஒன்றை வாங்கிக்கொண்டு விமானம் ஏறினார். இறங்கியதும் மனைவி கமலநாயகி, "தரிசனம் நல்லா அமைஞ்சதோ?" என்று கேட்டாள். களைப்பில் ஓம் என்றுவிட்டார். அந்த ஓமிலிருந்து திரும்பிவர அவருக்கு இன்றுவரை வழி தெரியவில்லை.

கணேசலிங்கம் போவதற்கு முன் அவர் வீட்டுக்கு வந்து, எந்தக் கோயிலை முதலில் பார்ப்பது, எவ்வளவு குளிரும் என்றெல்லாம் பணிவாகக் கேட்டு எழுதிக்கொண்டு போனான். கம்பளிக் காலுறை கொண்டுபோகச் சொல்லி அனுப்பிவைத்தவர், அவனுக்கும் வயிற்றோட்டம் வராதா என்று இரண்டு வாரம் காத்திருந்தார். பாவி, இரண்டு கிலோ கூடி வந்திருந்தான்.

ஆற்றங்கரைச் சிவன் கோயில் ஒன்றின் படம் வந்தது. கணேசலிங்கம் சற்று நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"அங்கை ஐயர் எங்களைக் கருவறைக்குள்ளை கூப்பிடுறார். நாங்களே குந்தியிருந்து லிங்கத்துக்குத் தண்ணி வார்க்கலாம். கையாலை தொட்டுக் கும்பிடலாம்."

மண்டபம் அசைந்தது. கருவறை வாசலுக்கு வெளியே நின்றே கும்பிட்டுப் பழகிய சனம். தியாகராசா நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தார். அதே கோயிலில் ஐயர் திரையை விலக்கி, தீபம் காட்ட, தான் நந்திக்குப் பின்னால் நின்று அழுததைப் பதின்மூன்று சிவராத்திரிகளாகச் சொல்லியிருந்தார். புத்தகத்தில் கோயிலின் வெளிப்புறம் மட்டுமே இருந்தது. உள்ளே நடப்பதை அவர் தனக்குத் தெரிந்த ஊர்க் கோயிலைக்கொண்டு கட்டியிருந்தார்.

போன வருடம் அவருடைய பேச்சைக் கோயிலின் ஆண்டு மலருக்காக எழுதியெடுத்த ஆதிரை, தாதிப் பயிற்சியில் இருக்கும் பிள்ளை, திரும்பிப் பார்த்தாள். "மாமா, நீங்கள் வெளியிலை நிண்டதெண்டெல்லோ சொன்னனீங்கள்?"

கள்ளம் எதுவும் இல்லாத கேள்வி. எல்லாத் தலைகளும் திரும்பின. வடைத் தட்டோடு நின்ற கமலநாயகியும் பார்த்தாள்.

"அண்ணை போன நேரம் உள்ளுக்கை திருத்தவேலை, பிள்ளை," என்றான் கணேசலிங்கம். "ஆரையும் விடேல்லையாம். அந்த ஐயரே எனக்குச் சொன்னவர்."

அடுத்த படத்துக்குப் போனான். கமலநாயகி வடையைப் பரிமாறத் தொடங்கினாள்.

தப்பியாயிற்று. நன்றி வரவேண்டிய இடத்தில் தியாகராசாவுக்கு முன்னிலும் மோசமாக எரிந்தது. மலையையும் அவனே பார்த்தான், சிவனையும் அவனே தொட்டான், இப்போது பெருந்தன்மையும் அவனுக்கே போய்விட்டது. காட்டிக்கொடுத்திருந்தால் மனதார வெறுக்கவாவது முடிந்திருக்கும்.

கூட்டம் முடிந்து சனம் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் அவர் பின்புறச் சமையலறைக்குப் போனார். கணேசலிங்கம் தனியாகப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். அங்கே சுடுதண்ணீர் வராது. அவன் கைகள் சிவந்திருந்தன. ஏன் பொய் சொன்னாய் என்று கேட்கத்தான் வந்திருந்தார். அதைக் கேட்டால் தன் பொய்யையும் சேர்த்தல்லவா சொல்லவேண்டும். கதவருகில் நின்றார். மூன்று தட்டுக் கழுவி முடியும் வரை நின்றார்.

"அந்த லிங்கக் கல்லு தொட எப்பிடி இருந்தது, தம்பி?"

கணேசலிங்கம் குழாயை மூடினான். அவரை நிமிர்ந்து பார்த்தான். கையைத் துடைக்காமலே அவருடைய வலக்கையை எடுத்து, தன் உள்ளங்கையை அதற்குள் வைத்தான்.

"இப்பிடித்தான், அண்ணை."

குளிர் விரல்களுக்குள் ஏறியது. இவனுடைய கைதானே என்று ஒரு பொருமல் எழுந்தது. ஆனாலும் தியாகராசா பிடியை விடவில்லை. அவர் மணிக்கட்டில் ஓடிய தண்ணீர், முழங்கை வரை போய், தரையில் சொட்டத் தொடங்கியது.