விட்டுக்கொடுக்காத விண்ணப்பம்

தையல்காரிக்கு ஒரு கெட்ட பழக்கம். மகளை யாரிடமும் விட்டுக்கொடுக்கமாட்டாள். ஒன்பது வயது சிட்டுவுக்குப் பிறவியிலேயே மரபணுக் கோளாறு. உலகம் முழுக்கத் தேடினாலும் சில நூறு பேருக்குத்தான் அந்த நோய் இருக்கும். நடை தள்ளாடும், கை நடுங்கும். யாராவது விசாரித்தால், "அவளுக்கென்ன, ஜம்முனு இருக்கா" என்று வாயை அடைத்துவிடுவாள்.

ஆறு வருடம் கைபேசியில் சல்லடை போட்டுத் தேடி, அந்த நோய்க்கு ஒரு புது மருந்துப் பரிசோதனை நடப்பதைக் கண்டுபிடித்தாள். பன்னிரண்டே குழந்தைகளுக்குத்தான் இடம். படிவத்தை நிரப்பி அனுப்பினாள். 'நோயின் தீவிரம் போதாது' என்று பதில் வந்தது. அன்று ஒரு சட்டைக்கு இடது கையை வலப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டு, அதைப் பிரிக்கக்கூடத் தெம்பில்லாமல் அழுதாள்.

பெற்றோர் குழுவில் வங்கியில் வேலை பார்க்கும் ஒரு அக்கா உண்டு. அவள் மகனுக்கும் இதே நோய். படிவத்தை வாங்கிப் படித்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"சிட்டு தானே சாப்பிடுவாள்னு போட்டிருக்கியே, ஸ்பூன யார் பிடிக்கறது?"

"நான்தான்க்கா. சும்மா கை குடுப்பேன்."

"படி ஏறுவாளாமே?"

"ஏறுவா. நான் தூக்கிக்குவேன்."

அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நீ வக்கீலாப் போயிருக்கணும். உள்ளதை உள்ளபடி எழுதி, மறுபடியும் பாக்கச் சொல்லு. நானும் பரிசோதனை நடத்தறவங்ககிட்ட பேசறேன்."

எழுத உட்கார்ந்தாள். ஒவ்வொரு 'முடியாது'வுக்கும் மகளைக் காட்டிக்கொடுப்பது போல மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் ஒன்றையும் விடவில்லை.

மூன்று வாரத்தில் ஆஸ்பத்திரிக்கு நேரில் வரச் சொன்னார்கள். டாக்டரம்மா, "கை ரெண்டையும் முன்னாடி நீட்டும்மா" என்றார். சிட்டு கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். ஆள் பார்க்கும்போது அப்படி வைத்துக்கொள்ளச் சொல்லிக்கொடுத்ததே தையல்காரிதான். வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது.

"எடு கண்ணு. ஆடினா ஆடட்டும்."

"அசிங்கமா இருக்கும்னு சொன்னியே?"

"தப்பாச் சொல்லிட்டேன்டா."

கைகள் வெளியே வந்து, எல்லாரும் பார்க்க ஆடின. டாக்டரம்மா பொறுமையாக அளந்து எழுதிக்கொண்டார். கடைசியில் நிமிர்ந்து, "சேத்துக்கறோம். அடுத்த வாரம் ரத்தம் எடுக்கணும்" என்றார்.

வராந்தாவில் ஏகப்பட்ட கூட்டம். சிட்டு நின்றுவிட்டாள். "அம்மா, இனிமே எல்லார் முன்னாடியும் கைய வெளிய வச்சுக்கலாமா?"

"வச்சுக்கோ" என்று சொல்லி, தையல்காரி அந்தக் கைகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தின் நடுவிலேயே நடந்தாள்.