சொந்தச் சுவர்

“புது வீட்டுல தமிழ்வாணி வீட்டோட ஒட்டுன சுவரு நமக்கு வேணாம்,” என்றான் மலையாண்டி. சோற்றில் இன்னும் கை வைக்கவில்லை.

அவன் மனைவி நாகஜோதி கரண்டியைக் குழம்புச் சட்டியிலேயே விட்டாள். கோரிப்பாளையத்தின் இந்தக் காம்பவுண்டில் இத்தனை வருசமும் இரு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். குழாயில் தண்ணீர் வந்தால் தமிழ்வாணி அந்தப் பக்கமிருந்து தட்டுவாள். நாகஜோதி அதை அவனிடம் சொன்னாள்.

“அது வாடகைச் சுவரு. இது சொந்தச் சுவரு. சோழவந்தான்லருந்து சொந்தக்காரங்க வந்து பாத்தா, பக்கத்துல யாருன்னு கேக்க மாட்டாங்களா?”

சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் கைவிட்டுப் போனபின் பிழைக்க வந்தவன் அவன். காம்பவுண்டில் எல்லாருமே அப்படி வெளியூரிலிருந்து வந்தவர்கள்தான். சுற்றிலும் அடுக்குமாடிகள் எழ, வாடகை ஏறியது. கடைசியில் உரிமையாளர் இடத்தையே விற்றுவிட்டார். முதலில் எழுந்து நின்றவள், மாநகராட்சியில் தெருக்கூட்டும் தமிழ்வாணி. தையல்கார நஜ்முன்னிசாவைச் சேர்த்துக்கொண்டு சங்கம் தொடங்கினாள். துடைப்பத்தை வைத்த கையோடு திங்கள்தோறும் கலெக்டர் ஆபீசில் மனுவோடு நின்றாள். நாகமலை புதுக்கோட்டைக்கு அப்பால் நிலம் கிடைத்தது. அழுத்திச் செய்த மண்கல்லில், வெயில் சூடு உள்ளே இறங்காத வீடுகள். இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர் என்பதால்தான் செலவு கட்டுப்பட்டது. குலுக்கலில் இவர்கள் வீடும் தமிழ்வாணி வீடும் ஜோடியாக விழுந்தன.

சங்கக் கூட்டத்தில் மலையாண்டி தனிச்சுவர் கேட்டான். தலைவி நஜ்முன்னிசா யோசித்துச் சொன்னாள்: தனிச்சுவர் எழுப்பினால் கல் போதாது, ஒரு வீடு குறையும், இல்லையென்றால் யாராவது அவனோடு வீடு மாறிக்கொள்ள வேண்டும். யாரும் கை தூக்கவில்லை. நஜ்முன்னிசாவின் வீட்டுக்காரரும் தூக்கவில்லை.

தமிழ்வாணி எழுந்தாள்.

“பட்டியல்லருந்து என் வீட்டை எடுத்துருங்க. சுவரு பிரச்சினை தீந்துரும்ல. நீங்க அம்புட்டுப் பேரும் குடி போங்க.”

சங்கம் அவளுக்கு நன்றி தெரிவித்துத் தீர்மானம் போட்டது. எல்லாரும் கைதட்டினார்கள். நாகஜோதியும் தட்டினாள்.

வாசலுக்கு ஓடிப்போய்த் தமிழ்வாணியின் கையைப் பிடித்து, ஏன் இப்படிச் செய்தாள் என்று கேட்டாள்.

“நீ ஒரு வார்த்தை பேசுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்க்கா,” என்றாள் தமிழ்வாணி. குரலில் கோபம் இல்லை. கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு போனாள்.

அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டி முதல் கல் வைக்கும் நாள் வந்தது. வீடுகள் பெண்கள் பெயரில். அவரவர் கல்லை அவரவரே வைக்க வேண்டும். கொத்தனார் அளவுக் கயிறு பிடித்து நாகஜோதியைக் கூப்பிட்டார். அவள் மண்கல்லை வாங்கினாள். குழியில் இறங்காமல் மேட்டிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

“பக்கத்து வீட்டுக்கும் கயிறு பிடிங்க. தமிழ்வாணி வந்து கல்லு வைக்கட்டும், நானும் வைக்கிறேன்.”

மலையாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு, எழுந்திரு என்றான். நல்ல நேரம் போகிறதே என்று நஜ்முன்னிசா கெஞ்சினாள். வீடே கையை விட்டுப் போய்விடும் என்று யாரோ பயமுறுத்தினார்கள். தமிழ்வாணியைக் கூட்டிவருகிறேன் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

கொத்தனார் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வரிசையில் அடுத்த பெண்ணின் வீட்டுக்குப் போனார். அங்கே குலவைச் சத்தம் எழுந்தது. கல் மடியில் கனத்தது. நாகஜோதி அதை இறக்கி வைக்கவில்லை.