வெட்டிக் கொடுத்த முன்பாதி

மச்சான் ஸ்டீவனுக்கும் எனக்கும் மூன்று மாதம் நடந்த சண்டை, ஒரு காரின் முன்பக்க சஸ்பென்ஷனைப் பற்றியது. அப்படித்தான் நான் நம்பிக்கொண்டிருந்தேன், மடையன்.

கார் என்னுடையது. நாற்பத்தேழாம் வருட ஃபோர்டு. பொதட்டூர்பேட்டையில் ஒரு மில்லுக்குப் பின்னால் கோழிகள் குடியிருந்த வண்டியை ஆர்.சி. புத்தகத்தோடு வாங்கி, என் பெயருக்கு மாற்றி, கும்மிடிப்பூண்டி வீட்டை ஒட்டி ஷெட் போட்டு நான்கு வருடமாகக் கட்டிக்கொண்டிருந்தேன். சிப்காட்டில் கேஸ் டார்ச்சால் இரும்பு வெட்டுவது என் வேலை. ஸ்டீவன் என் மனைவி ஜெபாவின் அண்ணன். வள்ளூரில் பழைய கார்களைப் புதுப்பித்துக் கொடுப்பவன். வண்டி விஷயத்தில் அவன் சொல்வதுதான் எனக்கு வேதவாக்கு.

முன்பக்கம் இருந்தது பழைய ஒற்றை ஆக்சில், அதன்மேல் குறுக்கே ஒரு பட்டை ஸ்பிரிங். அதையே வைத்துக்கொள்ளலாம் என்றேன். பழைய வண்டி கொஞ்சம் ஆடிக்கொண்டு போனால் குடியா முழுகிவிடும்?

"இன்னா மாப்ள, மாட்டு வண்டியா ஓட்டப் போற? ஒரு சக்கரம் பள்ளத்துல எறங்குனா மொத்த வண்டியும் சாயும். விஷ்போன் போடு. சக்கரம் தனித்தனியா ஏறி எறங்கும். என் தங்கச்சி முதுகு ஒடையக்கூடாது பாரு" என்றான்.

விஷ்போனைத் தனியாகப் பொருத்தப் பார்க்கலாமே என்றேன். அது நிற்காது, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸின் முன்பாதியை வெட்டிவிட்டு வேறு வண்டியின் முன்பாதியை அப்படியே ஒட்டினால்தான் உறுதி என்று சாதித்தான். ஞாயிறு தவறாமல் வந்தான். பேப்பரில் படம் போட்டுக் காட்டினான். கடைசியில் ஜெபாவே, "அண்ணன் சொல்றத கேளேன்" என்றாள். கேட்டேன்.

எங்கள் கம்பெனியில் ஒரு பிளேட்டை வெட்டுவதற்கு முன்னால், அதில் அடித்திருக்கும் நம்பரை மீதித் துண்டிலும் பஞ்ச் அடித்துவிட்டுத்தான் டார்ச்சைப் பற்றவைக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நின்று பார்ப்பார். நம்பர் இல்லாத இரும்பு ஸ்கிராப்புக்குத்தான் போகும். பதினெட்டு வருடமாகத் தினமும் செய்கிற வேலை. அன்றைக்கு டார்ச்சைக் கையில் எடுத்தபோதும் கேட்கத்தான் செய்தேன்.

"மச்சான், சேஸிஸ் நம்பர் எங்க இருக்கு?"

"அது பானெட்டுக்குள்ள தகட்டுல கீது. நீ வெட்டு."

பானெட்டுக்குள் ஒரு தகடு இருந்தது. பெயின்ட் மூடியிருந்தது. சுரண்டிப் பார்க்கவில்லை. அவன் சொன்னானே, போதாதா? சேஸிஸில் தார் அப்பியிருந்த இடத்துக்குப் பின்னால் கோடு போட்டுக் கொடுத்தான். நான் வெட்டினேன். வெட்டிய முன்பாதியையும் பழைய ஆக்சிலையும் காயலான் கடையில் போட்டுவிடுகிறேன் என்று குட்டியானையில் ஏற்றினான். புதுப்பிக்க வேண்டும் என்று ஆர்.சி. புத்தகத்தையும் வெற்று ஃபாரத்தில் இரண்டு கையெழுத்தையும் வாங்கிக்கொண்டான்.

புது முன்பாதியை இருவரும் சேர்ந்துதான் வெல்டு செய்தோம். வேலை முடிந்ததும் ஆள் வருவதை நிறுத்திவிட்டான். போனையும் எடுக்கவில்லை. ஆர்.சி. புத்தகத்தையாவது வாங்கி வரலாம் என்று போன சனிக்கிழமை வள்ளூருக்குப் போனேன்.

அவன் ஷெட்டில் கறுப்பாக ஒரு ஃபோர்டு நின்றது. அதே மாடல். குனிந்து முன்பக்கம் பார்த்தேன். என் ஆக்சில், என் பட்டை ஸ்பிரிங். அதற்குப் பின்னால் சேஸிஸில் வெல்டு வைத்து ஒட்டிய ஒரு வெட்டு. பாதி வெட்டும்போது ஆக்சிஜன் குறைந்து ஓர் இடத்தில் பல்லாக நின்றிருந்தது. என் கை வெட்டை எனக்குத் தெரியாதா? தார் சுரண்டிப் பளிச்சென்று துடைத்த இடத்தில், ஆர்.சி. புத்தகத்தில் பார்த்துப் பார்த்து எனக்கு மனப்பாடமாகிப்போன நம்பர்.

ஸ்டீவன் டீ கிளாஸோடு உள்ளே வந்தான். என்னைப் பார்த்ததும் நின்றான்.

"ஆந்திராவுல இருந்து பேப்பர் இல்லாம வந்த வண்டி மாப்ள. பார்ட்டி பேப்பர் வேணும்னு ரெண்டு வருஷமா நச்சரிச்சிக்கினே இருந்தான்."

ரெண்டு வருஷம். எங்கள் சண்டைக்கு வயது மூன்று மாதம்.

"கம்ப்ளைண்ட் குடுப்பேன் மச்சான்" என்றேன்.

"குடு. நம்பரை வெட்டுனது யாருன்னு கேப்பாங்க. உன் கைதான மாப்ள?" அதட்டலாகச் சொல்லவில்லை. எனக்காக வருத்தப்படுகிற குரலில் சொன்னான். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கிளம்பும்போது பின்னாலேயே வந்தான். "ஒண்ணு மட்டும் சொல்றேன். விஷ்போன்தான் நல்லது. அதுல நான் பொய் சொல்லல."

ஜெபாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் அண்ணன் அவளுக்குக் கடவுள். நேற்று அவள் சர்ச்சுக்குப் போனபின் வண்டியை எடுத்தேன். சேஸிஸ் நம்பரும் ஆர்.சி.யும் இல்லாத வண்டி, மெயின் ரோட்டில் ஏறினால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். எங்கள் தெருவுக்குள்ளேயே, லாரிகள் கிழித்துப்போட்ட பள்ளங்களின் மேல் மெதுவாக ஓட்டினேன்.

ஒரு குலுக்கல் இல்லை. சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கின, நான் உட்கார்ந்தது உட்கார்ந்தபடி இருந்தேன். அவன் சொன்னது அத்தனையும் சரி. தெருக்கோடியில் வண்டியை நிறுத்திவிட்டு, ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதேன்.